நாளைய குளிரை இன்றே அறிதல்

ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் இரண்டினைப் பனிக்கே உரிமையாக்கினர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இங்ஙனம் பருவத்தை அறிந்து வைத்திருத்தல் வாழ்வுக்குப் பெருந்துணையாகும். ஆயினும், பருவத்தை அறிவது வேறு. நாளைய பொழுதை அறிவது வேறு. ‘தை மாதத்தில் குளிரும்’ என்று எவரும் கூறிவிடலாம். ‘நாளை மறுநாள் வைகறையில் பஞ்சாபில் மூடுபனி கவியும், அதற்கடுத்த இரவில் இராஜஸ்தானில் பயிர் கருகும் அளவுக்குக் குளிர் இறங்கும்’ என்று இன்றே கூறுவது எளிதோ? அங்ஙனம் கூறுவதற்கு ஓர் அறிவுத்துறை உண்டு. அதுவே வானிலையியல். பரந்த நம் நாட்டின் குளிர்காலத்தை அத்துறை எவ்வாறு முன்னறிந்து கூறுகின்றது என்பதை இப்பாடத்திற் காண்போம்.

குளிர் என்பது பெயரளவில் ஒன்றே. ஆனால் அது நாட்டின் பகுதிதோறும் வெவ்வேறு வடிவம் கொள்கின்றது. ஜனவரித் திங்களில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காஷ்மீரத்தில் தால் ஏரியின் விளிம்பு நீர் உறைந்து கண்ணாடித் தகடு போலக் கிடக்கும். அங்கு டிசம்பர் 21-ஆம் நாள் முதல் நாற்பது நாள் நிலவும் கடுங்குளிரைச் ‘சில்லை கலான்’ என்பர். மக்கள் ‘பெரன்’ என்னும் நீண்ட மேலங்கியினுள்ளே ‘காங்கிரி’ என்னும் கணப்புச் சட்டியை வைத்துக்கொண்டு குளிர்காய்வர். அதே நாளில் டில்லி மாநகரில் எதிரே வரும் வண்டி தெரியாதவாறு மூடுபனி சூழ்ந்திருக்கும். சென்னையிலோ இளவெயில் இதமாகக் காயும். கன்னியாகுமரியிற் கம்பளியை நாடுவார் எவரும் இலர். வடக்கே 37 பாகை அகலக்கோடு முதல் தெற்கே 8 பாகை வரையில், ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் நாட்டில் இவ்வேறுபாடு இயல்பேயாம். ஆகவே, நாடு முழுமைக்கும் ஒரே சொல்லால் வானிலை கூற ஒண்ணாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே ஆய்ந்து உரைத்தல் வேண்டும்.

வடபகுதியில் குளிர் மிகுவதற்குக் காரணம் யாது? குளிர்காலத்திற் கதிரவன் தென்திசை சாய்ந்து செல்கின்றான். வடக்கே அவன் கதிர்கள் சரிந்து விழுகின்றன, பகல் குறுகுகின்றது, இரவு நீள்கின்றது. பகலிற் பெற்ற சிறு வெப்பத்தையும் நீண்ட இரவில் நிலம் வானிற்கு இழந்துவிடுகின்றது. நடு ஆசியாவில் உறைந்து கிடக்கும் கொடுங்குளிர்க் காற்று நேரே நம்மீது பாயாதவாறு இமயம் பெருஞ்சுவராய் நின்று காக்கின்றது. அச்சுவர் இல்லையேல், வடநாட்டுக் குளிர் இன்னும் பன்மடங்கு கொடிதாய் இருக்கும்.

ஆயினும், வடநாட்டுக் குளிர் நாள்தோறும் ஒரே அளவினதாய் இருப்பதில்லை. சில நாள் தணிந்தும் சில நாள் மிகுந்தும் வருகின்றது. இவ்வேற்ற இறக்கத்துக்கு முதற் காரணம் மேற்கிலிருந்து வரும் ஒரு விருந்தினர். வானிலையியலார் அவருக்கு ‘மேற்கத்திய இடையூறு’ என்று பெயர் இட்டுள்ளனர். நிலத்துக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விரைந்த காற்றோட்டம் ஒன்று உண்டு. கோடையில் அது இமயத்துக்கு வடக்கே ஒதுங்கிவிடும். குளிர்காலத்தில் தெற்கே இறங்கி வடஇந்தியாவின் மீது ஓடும். அவ்வோட்டத்தில் மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றும் காற்றுச் சுழற்சிகள், ஆற்று வெள்ளத்திற் சுழல்கள் மிதந்து வருவதைப் போல, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஆகிய நாடுகளைக் கடந்து நம் நாட்டை அடைகின்றன. வழியிலுள்ள கடல்களிலும், இறுதியாக அரபிக் கடலிலும் ஈரத்தை முகந்துகொள்கின்றன. குளிர்காலத்தின் ஒரு திங்களில் இத்தகைய சுழற்சிகள் நான்கைந்து வருதல் உண்டு. இவை நம் நாட்டு வானிலையை மாற்றும் முறைமையைப் பிஷாரடி, தேசாய் என்னும் இந்திய அறிஞர் இருவர் 1956-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

இவ்விருந்தினர் வருகை ஓர் ஒழுங்குடையது. அவ்வொழுங்கே முன்னறிவிப்பாளர்க்குப் பற்றுக்கோடாகும். சுழற்சி அணுகுங்கால் முதலில் உயர்ந்த மெல்லிய முகில்கள் வானிற் படரும். பின்னர் அவை தடிக்கும். இரவில் முகில் ஒரு போர்வையைப் போல நிலத்தின் வெப்பத்தைக் காப்பதால், அவ்விரவிற் குளிர் சற்றே தணியும். குளிர் தணிந்தது கண்டு, ‘இனிக் குளிர்காலம் முடிந்தது’ என்று மகிழ்வார் ஏமாறுவர். அடுத்துக் காஷ்மீரம், இமாசலப் பிரதேசம், உத்தரகண்டம் ஆகிய மலைநாடுகளில் வெண்பனி பொழியும். பஞ்சாப், அரியானா, டில்லி, உத்தரப் பிரதேசத்தின் மேற்பகுதி ஆகிய சமவெளிகளில் மழை பெய்யும். சுழற்சி கிழக்கே நகர்ந்தபின் வானம் தெளியும். நிலம் மழையால் நனைந்திருக்கும், காற்று ஓய்ந்திருக்கும், இரவோ நீண்டது. நனைந்த நிலம் வெப்பத்தை இழந்து குளிர, அதனையொட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாகத் திரளும். அதுவே மூடுபனி. பின்பு, பனி போர்த்த மலைகளைத் தழுவி வரும் வறண்ட வடமேற்குக் காற்று சமவெளியிற் புகும். அப்பொழுது குளிர் அலை எழும். முகில், மழை, மூடுபனி, கடுங்குளிர் என்னும் இவ்வரிசையை அறிந்தவர், முதற்கண்ணியைக் கண்டவுடன் அடுத்த கண்ணியை எதிர்நோக்கலாம் அன்றோ?

இவ்விருந்தினரைப் பகைவர் என்று எண்ணுதல் தகாது. இவரால் வரும் சிறுமழையை வடநாட்டு உழவர் ‘மகாவட்’ என அழைத்துப் போற்றுவர். அளவிற் சிறிதேயாயினும், கோதுமை முதலிய குளிர்காலப் பயிர்களுக்கு அது அமிழ்தம் போன்றது. மலையிற் பெய்யும் வெண்பனியோ கோடையில் உருகி ஆறுகளில் ஓடுகின்றது. ஆதலின் அது மலைமேல் வைத்த நீர்ச் சேமிப்பாகும். குளிரும் கோதுமைக்கு நன்றே செய்கின்றது. 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் குளிர் விரைந்து அகன்று வெம்மை முந்திவர, வடநாட்டிற் கோதுமை விளைச்சல் குன்றியது. வேண்டிய காலத்திற் குளிர் இல்லாமையும் ஒரு கேடே என்பதற்கு இது சான்றாகும்.

இனி, முன்னறிவிப்பு உருவாகும் முறையைக் காண்போம். மருத்துவர் முதலில் நாடி பார்ப்பது போல, வானிலையியலார் முதலில் வளிமண்டலத்தின் இன்றைய நிலையை அளக்கின்றனர். நாடெங்கும் பரவியுள்ள நிலையங்களில் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை, விரைவு, மழையளவு ஆகியவற்றைக் குறித்த நேரங்களில் அளந்து குறிக்கின்றனர். உலகெங்கும் ஒரே கணத்தில் இவ்வளவுகள் எடுக்கப்படுதல் வேண்டும் என்பது விதி. நம் நாட்டில் காலை 8.30 மணி அளவு தனிச் சிறப்புடையது. முதல் நாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் அதே நேரம் வரை பெய்ததையே ஒரு நாள் மழையெனக் கணக்கிடுகின்றனர். நிலத்தில் அளந்தால் மட்டும் போதுமோ? மேலே உள்ளதையும் அறிய வேண்டும். ஆகவே, காலை மாலை ஐந்தரை மணியளவைக்கெனக் கருவி கட்டிய பலூன்களை வானிற் செலுத்துகின்றனர். அவை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரம் வரை ஏறி, செல்லும் வழியெல்லாம் கண்ட செய்தியை வானொலி அலையாற் கீழே அனுப்புகின்றன. இவற்றுக்கும் மேலே, ‘இன்சாட்’ வரிசைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று, முகிற்கூட்டங்களை இரவும் பகலும் படம் பிடிக்கின்றன. அவ்வரிசையில் இன்சாட்-3டிஎஸ் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏவப்பட்டது. குளிர்கால வைகறைகளில் பஞ்சாப் முதல் பீகார் வரை இமயத்தின் அடியைத் தழுவி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வெள்ளைத் துகில் விரித்தாற்போல மூடுபனி கிடப்பதை இப்படங்களிற் காணலாம்.

இங்கே ஓர் உண்மையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நம் நாட்டின் நாளைய மழை இன்று ஈரானின் மேல் இருக்கலாம். நாளை மறுநாளைய மழை மத்தியதரைக் கடலின் மேல் இருக்கலாம். காற்றுக்கு நாட்டெல்லை இல்லை. ஆகவே வானிலைச் செய்திக்கும் எல்லை இருத்தல் ஆகாது. அரசுகள் தம்முள் எவ்வளவு பிணங்கினும், வானிலை அளவுகளை ஒன்றுக்கொன்று வழங்கியே வருகின்றன. 1950-ஆம் ஆண்டில் தொடங்கிய உலக வானிலை அமைப்பு இக்கொடுக்கல் வாங்கலை நெறிப்படுத்துகின்றது.

திரட்டிய அளவுகளை வைத்துக்கொண்டு நாளைய நிலையைக் கணித்தல் அடுத்த படியாகும். வளிமண்டலம் இயற்பியல் விதிகளுக்கு உட்பட்டே இயங்குகின்றது. ஆதலின், இன்றைய நிலையும் விதிகளும் தெரிந்தால் நாளைய நிலையைக் கணக்கிட்டு அறியலாம். இதனை முதன்முதற் செய்து பார்த்தவர் லூயி பிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கில அறிஞர். அவர் ஆறு மணி நேர மாறுதலைக் கையாற் கணக்கிட்டார். கணக்குப் பெரிதும் பிழைபட்டது. ஆயினும் அவர் தம் முறையை மறைக்காது, 1922-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். உலக வானிலையை உடனுக்குடன் கணிக்க 64,000 மனிதர் ஒருங்கே இருந்து கணக்கிட வேண்டும் என்பது அவர் மதிப்பு. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மின்னணுக் கணினி கொண்டு ஒரு நாள் வானிலையைக் கணித்தனர். அதற்கும் ஏறத்தாழ ஒரு நாள் ஆயிற்று! அவர் கண்ட கனவை இன்று மீத்திறன் கணினிகள் நனவாக்கிவிட்டன. நம் நாட்டிற் புனேயிலும் நொய்டாவிலும் அத்தகைய கணினிகள் இயங்குகின்றன. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘அர்க்கா’, ‘அருணிகா’ என்னும் இரண்டு புதியன தொடங்கி வைக்கப்பெற்றன. இரண்டு பெயரும் ஞாயிற்றோடு தொடர்புடையவை.

கணினி இவ்வளவு வலிமை பெற்றபின், ஓராண்டுக்குரிய வானிலையை நாள்வாரியாக இன்றே கூறிவிடலாகாதோ எனச் சிலர் வினவுவர். கூறல் இயலாது. அதன் காரணத்தை எட்வர்டு லோரன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டினார். 1961-ஆம் ஆண்டில் ஒரு கணக்கை இடையிலிருந்து திரும்பச் செய்ய விரும்பிய அவர், 0.506127 என்னும் எண்ணை 0.506 எனச் சுருக்கிக் கணினிக்கு இட்டார். வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவே. ஆயினும் கணக்கு நீள நீள, விடை முன்னைய விடையோடு சிறிதும் ஒவ்வாததாய் முடிந்தது. தொடக்கத்தில் உள்ள மிகச் சிறு பிழையும் நாளடைவிற் பெருகி முழுவதையும் கெடுத்துவிடும் என்பதை அவர் 1963-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். வளிமண்டலத்தின் ஒவ்வோர் இடத்தையும் பிழையின்றி அளத்தல் எவர்க்கும் இயலாது. எனவே, நாள் செல்லச் செல்ல முன்னறிவிப்பின் உறுதி தேய்ந்துகொண்டே போகும். 72 மணி நேரம் வரையில் உரைப்பதைக் குறுங்கால முன்னறிவிப்பு என்பர். அதுவே மிகுதியும் நம்பத்தக்கது. அதற்கப்பால் பத்து நாள் வரை உரைப்பது இடைக்கால முன்னறிவிப்பு. ஆகவே, மூன்று நாள் என்பது சோம்பலால் வைத்த எல்லையன்று. இயற்கை வகுத்த எல்லையை ஒட்டி வைத்தது.

முன்னறிவிப்பிற் காணும் சொற்கள் பொதுவழக்கில் உள்ளனபோல் தோன்றினும், அவற்றுக்கு வரையறுத்த பொருள் உண்டு. சமவெளியில் ஓரிடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருந்து, இயல்பான அளவினும் 4.5 பாகை முதல் 6.4 பாகை வரை குறைந்தால், அங்குக் ‘குளிர் அலை’ என்பர். அதனினும் மிகுதியாகக் குறையின் ‘கடுங்குளிர் அலை’ எனப்படும். இயல்பளவு எதுவாயினும், வெப்பநிலை 4 பாகைக்கு இறங்கின் குளிர் அலை. 2 பாகைக்கு இறங்கிற் கடுங்குளிர் அலை. இனிக் ‘குளிர் பகல்’ என்பது வேறு. மூடுபனியும் தாழ்முகிலும் கதிரவனை மறைக்கும்போது, இரவுக் குளிர் முன்னிருந்ததினும் பெரிதாகாவிடினும், பகலில் வெப்பம் ஏறாது நின்றுவிடும். முதியோரையும் குழந்தைகளையும் இது பெரிதும் வாட்டும். கண்ணுக்கெட்டும் தொலைவு 1,000 மீட்டருக்குள் சுருங்கினால் மூடுபனி. 200 மீட்டருக்குள் சுருங்கின் அடர்ந்த மூடுபனி. 50 மீட்டருக்குள் சுருங்கின் மிக அடர்ந்த மூடுபனி. இவற்றோடு நான்கு நிறங்களையும் காட்டுவர். பச்சை, அஞ்சற்க என்பது. மஞ்சள், விழிப்பாய் இரு என்பது. செம்மஞ்சள், ஆயத்தம் செய் என்பது. சிவப்பு, உடனே செயலில் இறங்கு என்பது.

இவற்றுள் மூடுபனியை முன்கூட்டி உரைத்தலே மிகக் கடினமானது. ஈரம் சற்றே குறையினும் மூடுபனி தோன்றாது. காற்று சற்றே விரைந்து வீசினும், அது கலைந்துபோகும், அல்லது மேலெழுந்து தாழ்முகிலாகிவிடும். இந்நுட்பத்தை அறிவதற்கென்றே 2015-ஆம் ஆண்டு முதல் டில்லி விமான நிலையத்திற் குளிர்காலந்தோறும் கருவிகள் அமைத்து ஆராய்ந்து வருகின்றனர்.

முன்னறிவிப்பின் பயன் அதனைக் கேட்டுச் செயல்படுவோர் கையில் உள்ளது. உறைபனி வரும் என்று அறிந்த உருளைக்கிழங்கு உழவர், அன்று மாலையே வயலுக்குச் சிறிது நீர் பாய்ச்சுவர். ஈரமண் வெப்பத்தைத் தக்கவைத்துக்கொள்வதால் பயிர் கருகாது தப்பும். ஓரிரவு முன்னர்ச் செய்தி கிடைத்தால் ஒருவன் ஆண்டு வாழ்வு காக்கப்படுகின்றது. ஒரு காலை பிந்திக் கிடைத்தால் கருகிய இலைகளையே காண்கின்றான். இரயில்வேயில், மூடுபனிக் காலத்தில் கைகாட்டிக்கு முன்னே தண்டவாளத்தின்மேல் சிறு வெடிகளை வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சக்கரம் ஏறியவுடன் அது வெடிக்கும். கைகாட்டி அண்மையில் உள்ளதென்பதை ஓட்டுநர் காதால் அறிந்து விரைவைக் குறைப்பார். இக்காலத்திற் செயற்கைக்கோள் துணைகொண்டு இடமறிவிக்கும் கருவியையும் ஓட்டுநர்க்கு அளிக்கின்றனர். மாநகரங்களிற் கூரையில்லாது தெருவோரம் உறங்குவாரே குளிருக்கு முதற்பலியாவோர். குளிர் அலை வருமென்று மூன்று நாள் முன்னர்த் தெரிந்தால், இரவுத் தங்கிடங்களைத் திறந்துவைத்து அவர்களை அழைத்துச் செல்ல அவகாசம் உண்டு. மூடிய அறையினுள் கரியடுப்பை மூட்டி உறங்காதிருக்கவும் எச்சரிக்கை செய்வர். அவ்வடுப்பிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சுவளி, குளிருக்கு அஞ்சிக் கதவடைத்தவரின் உயிரையே கவர்ந்துவிடும்.

தென்னாட்டுக்கு இதில் யாதும் இல்லையோ எனின், உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்திற்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அது விடைபெறும் தை மாதத்தில், அறுவடைக்கு நிற்கும் நெற்கதிர் மீது எதிர்பாரா மழை வருமோ என்பது காவிரிக் கரை உழவர் கேட்கும் வினா. நீலகிரியிலோ உதகையைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் ஜனவரி வைகறைகளிற் புல்லின்மேல் உறைபனி வெண்மையாய்ப் படியும். தேயிலையும் காய்கறியும் கருகும். கடலோரத்தில் இதமாக இருக்கும் அதே குளிர், மலைமேற் பகையாகின்றது.

இத்துறை நம் நாட்டில் வேரூன்றியதற்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1864-ஆம் ஆண்டு அக்டோபரிற் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலிற் பல்லாயிரவர் மாண்டனர். எச்சரிப்பார் அன்று எவரும் இலர். 1866-ஆம் ஆண்டிலும் 1871-ஆம் ஆண்டிலும் பருவமழை பொய்த்தது. இவற்றின் பின்னரே, 1875-ஆம் ஆண்டில், இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பெற்று, பிளான்போர்டு என்னும் அறிஞர் அதன் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் துணைநின்றது தந்தி. காற்று ஓரூரிலிருந்து மற்றோரூருக்குச் செல்லுமுன் செய்தி சென்றுவிடும் என்ற நிலை பிறந்த அன்றே முன்னறிவிப்பும் பிறந்தது எனலாம்.

இக்காலத்திற் செய்தி நொடிப்பொழுதில் எவ்வூரையும் எட்டுகின்றது. ஆயினும் அது செவியை எட்டினால் மட்டும் போதாது. கருத்தையும் எட்டுதல் வேண்டும். ‘மழை வருமென்றார்; வரவில்லை’ என்று ஒரு முறை நகைத்தவர், மறுமுறை உண்மையான எச்சரிக்கையையும் புறக்கணித்துவிடுவர். முன்னறிவிப்பு ஆரூடம் அன்று; அளந்தும் கணித்தும், ‘இவ்வளவுக்கு இது நிகழக்கூடும்’ என உரைக்கும் நேர்மையான மதிப்பீடு. அதில் ஐயம் எவ்வளவு என்பதையும் அதுவே கூறுகின்றது. அதனை அவ்வாறே ஏற்றுப் பயன்கொள்ளுதல் அறிவுடைமை. எழுத்தறியாத அண்டை வீட்டாருக்கும், தெருவோரத்து முதியோருக்கும் அதனை எடுத்துரைத்தல் அறமுடைமை. மாணவர்களே, நாளைய குளிரை நாம் தடுக்க இயலாது. ஆனால் அது வருமுன் ஒருவர்க்கு ஒரு போர்வை கொண்டு சேர்க்க இயலும். மூன்று நாள் முன்னறிவு அதற்குப் போதிய காலமாகும்.